அண்ணன் வாங்காத பாஸ்போர்ட்

திருவொற்றியூர் கோர்ட்டில் என் அண்ணனின் பெயரைக் கூப்பிட்டபோது மதியச் சாப்பாட்டு நேரம் நெருங்கியிருந்தது. டவாலி வாசலில் நின்று "கஜேந்திரன், கஜேந்திரன், கஜேந்திரன்" என்று மூன்று முறை ராகம் போட்டுக் கூப்பிட்டார். காலையிலிருந்து அதற்காகத்தான் காத்திருந்தோம். இருந்தும், தன் பெயரை அந்த ராகத்தில் கேட்டதும் அண்ணன் வேறு யாரையோ கூப்பிடுகிறார்கள் என்பது போல நின்றான்.

மேகலா அண்ணி அவன் முழங்கையைத் தொட்டாள். "போ. வக்கீலு சொன்னத சொல்லிட்டு வந்துரு."

சொல்ல வேண்டியது ஒரே ஒரு வார்த்தை. ஆமாம். கோர்ட்டு வாசலில் புங்கமரத்தடியில் வைத்து வக்கீல் அவனுக்கு அதைச் சொல்லிக்கொடுத்திருந்தார். குற்றத்தை ஒத்துக்கொள்கிறீர்களா என்று ஜட்ஜம்மா கேட்பார், ஆமாங்கம்மா என்று சொன்னால் சின்னதாக ஒரு அபராதம் போடுவார், கட்டிவிட்டு ரசீதை வாங்கினால் இன்றைக்கே கேஸ் முடிந்துவிடும். கேஸ் முடிந்தால் பாஸ்போர்ட் வரும். பாஸ்போர்ட் வந்தால் மஸ்கட்டில், படகு பழுதுபார்க்கும் பட்டறை ஒன்றில் அவனுக்கென்று சொல்லிவைத்திருந்த வேலை கிடைக்கும்.

அண்ணன் உள்ளே போனான். நான் கதவோரம் போய் நின்றேன். ஜட்ஜம்மா காகிதத்திலிருந்து தலை நிமிர்ந்து அவனைப் பார்த்தார். கேட்டார்.

அண்ணன் வாயைத் திறந்தான். மூடிக்கொண்டான்.

அவன் அங்கே அப்படியே நிற்கட்டும். அவன் என்ன சொன்னான் என்பதற்கு முன்னால் எழுத வேண்டியது நிறைய இருக்கிறது.

ஜூன் மாதத்துப் பிள்ளைகள்

சென்ற வாரம் இதே பத்தியில் நான் படித்த பள்ளிக்கூடத்தைப் பற்றி எழுதியிருந்தேன். அந்தப் பள்ளிக்கூடம் எங்களுக்குப் படிப்போடு பிறந்த நாளையும் சேர்த்துக் கொடுத்தது என்பதை எழுத விட்டுப்போயிற்று.

எண்ணூர் ஆற்றங்கரையில் எங்கள் குப்பம். பிள்ளை பிறந்த தேதியை அங்கே யாரும் எழுதிவைத்ததில்லை. வஞ்சிரம் நன்றாக விழுந்த வருஷம், புயலுக்கு மறுநாள் என்றுதான் கணக்கு. ஒன்றாம் வகுப்பில் சேர்க்கப் போனால் தலைமை ஆசிரியர் பிள்ளையின் வலது கையைத் தலைக்கு மேலே வளைத்து இடது காதைத் தொடச் சொல்வார். தொட்டுவிட்டால் ஐந்து வயது. உடனே ஜூன் மாதத்தில் ஒரு தேதி. எங்கள் தெருவில் பாதிப் பேர் ஜூனில் பிறந்தவர்கள். எனக்கும் அண்ணனுக்கும் தேதி ஒன்றுதான், வருஷம் வேறு.

பிற்பாடு ஆதார் அட்டை எடுக்க வந்தவர்கள் அவனுக்கு இன்னொரு தேதியைப் போட்டுவிட்டுப் போனார்கள். பாஸ்போர்ட் எடுப்பது என்று முடிவானதும் முதல் வேலையே அவனுடைய இரண்டு பிறந்த நாள்களையும் ஒன்றாக்குவதாக ஆயிற்று. அது என் தலையில் விழுந்தது. நான் திருவொற்றியூர் தேரடிப் பக்கம் வாழ்க்கைப்பட்டு, அங்கேயே ஒரு ஆரம்பப் பள்ளியில் டீச்சராக இருந்தேன். எங்கள் குடும்பத்தில் காகிதம் சம்பந்தப்பட்ட எதுவும் கடைசியில் என்னிடம்தான் வந்து சேரும்.

"இன்னா டீச்சரு, நான் எப்பதான் பொறந்தேன்? நீயே ஒரு முடிவு பண்ணி சொல்லு" என்று அண்ணன் சிரிப்பான். அப்போதெல்லாம் அவன் நிறையச் சிரிப்பான்.

ரொட்டி வாசனை

எங்கள் கரையில் நின்றால் எந்த நேரமும் கப்பல்கள் தெரியும். துறைமுகத்துக்குள் இடம் கிடைக்கும்வரை வெளியே நங்கூரம் போட்டு நிற்பவை. ராத்திரியில் அவற்றின் விளக்குகள் கடலில் இன்னொரு ஊர் மாதிரி இருக்கும். உலகத்துக் கொடியெல்லாம் பார்த்த ஊர் எங்களுடையது. ஆனால் பாஸ்போர்ட்டைக் கையில் பிடித்துப் பார்த்தவர் ஊரில் ஒருவரும் இல்லை.

அண்ணன் மீன்பிடிக்கப் போனதைவிட எஞ்சின் ரிப்பேர் செய்ததுதான் அதிகம். ஆற்றோரம் ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட ஒரு கொட்டகை. சுற்றி நாலைந்து குப்பத்து ஃபைபர் போட்டுகளின் எஞ்சின்கள் அங்கே வரும். மண்ணெண்ணெய் வாசனையும் உப்பு வாசனையும் கலந்து அவன் மேல் எப்போதும் இருக்கும். குளித்தாலும் போகாது.

கல்யாணத்துக்கு முன்னால், வெளியே நின்ற ஒரு கப்பலுக்குக் காய்கறி கொண்டுபோன லாஞ்சில் எஞ்சின் நின்றுபோக, அவனைப் படகில் கூட்டிக்கொண்டு போனார்கள். கப்பலின் நிழலில் மிதந்துகொண்டே வேலை பார்த்தான். முடித்ததும் மேலேயிருந்து யாரோ ஒரு சமையல்காரர் கூடையில் கயிறு கட்டி ரொட்டி இறக்கினாராம். சூடாக, வெண்ணெய் வாசனையோடு. அதில் பாதியைத் துண்டில் சுற்றி எனக்குக் கொண்டுவந்தான். வரும்போதே ஆறிப்போயிருந்தது. நான் ருசித்துச் சாப்பிட்டேன்.

அன்றிலிருந்து, ஒரு தபாவாவது கடலுக்கு அந்தாண்ட போய்ப் பார்த்துவிட்டு வர வேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருப்பான். வெறும் ஆசைதான் அது. எங்கள் ஆறு கெட்ட பிறகு அது தேவையாக மாறியது. அனல்மின் நிலையத்துச் சாம்பலும் சூடான தண்ணீரும் கலந்து, இறால் குறைந்து, நண்டு குறைந்து, கடைசியில் போட்டுகளே குறைந்தன. கடலுக்குப் போகாத போட்டுக்கு எஞ்சின் ரிப்பேர் எதற்கு? அண்ணன் கொட்டகையில் சும்மா உட்கார்ந்திருக்கும் நாள்கள் கூடின. மகள் திவ்யா பன்னிரண்டாம் வகுப்பில் இருந்தாள். நர்ஸ் படிப்பு படிக்க வேண்டும் என்பதைத் தவிர வேறு பேச்சு அவளிடம் இல்லை.

அந்தச் சமயத்தில்தான் மஸ்கட்டில் ஃபோர்மேனாக இருந்த காசிமேட்டுக்காரர் ஒருவர் லீவில் வந்தார். அவருடைய மச்சான் போட்டின் எஞ்சினை அண்ணன் பிரித்துப் பூட்டுவதைக் கொட்டகையில் உட்கார்ந்து பார்த்தார். திரும்பிப் போய் முதலாளியிடம் பேசி, போனில் தகவல் அனுப்பினார். சீக்கிரம் பாஸ்போர்ட் எடுத்து அனுப்பினால் விசா வந்துவிடும்.

சோப்புப் போட்ட விரல்கள்

பாஸ்போர்ட் சேவை மையத்துக்கு நானும் கூடப் போனேன். கத்திவாக்கம் ஸ்டேஷனில், கும்மிடிப்பூண்டியிலிருந்து வரும் ரயிலில் ஏறும்போதே அண்ணன் சட்டைப் பையில் சீப்பு வைத்திருந்தான். போட்டோ எடுப்பார்கள் என்று அண்ணி கொடுத்தனுப்பியது.

உள்ளே ஏசி குளிர். எல்லாரும் மெதுவாகப் பேசினார்கள். கம்ப்யூட்டரில் உட்கார்ந்திருந்த சின்னப் பெண் அண்ணனின் விரல்களைக் கண்ணாடி மேல் வைக்கச் சொன்னாள். ரேகை விழவில்லை. பல வருஷத்து கிரீஸும் அரமும் தேய்த்த விரல்கள். அவன் போய் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு வந்தான். திரும்பவும் விழவில்லை. மறுபடி போனான். அவள் எழுந்து வந்து, அவன் விரலைத் தன் கையால் பிடித்து அழுத்திவைத்தாள். "வந்துடுச்சுண்ணா" என்றாள். அண்ணன் அந்தப் பெண்ணைப் பற்றி ரயிலில் வரும் வழியெல்லாம் பேசினான்.

விண்ணப்பத்தில், உங்கள் மேல் வழக்கு ஏதாவது உண்டா என்று ஒரு கேள்வி. இல்லை என்று நிரப்பியவள் நான். அண்ணன் பக்கத்தில்தான் இருந்தான். அவனுக்கும் எனக்கும் தெரிந்தவரை இல்லைதான்.

சில நாள் கழித்து போலீஸ் ஸ்டேஷனிலிருந்து போன் வந்தது. விசாரணைக்கு வரச் சொன்னார்கள். அண்ணன் புதுச் சட்டை போட்டுக்கொண்டு போனான். ரைட்டர் என்று ஸ்டேஷனில் எழுத்து வேலை பார்க்கும் ஏட்டு, அவனை உட்காரச் சொல்லிவிட்டு ரொம்ப நேரம் கம்ப்யூட்டரையே பார்த்துக்கொண்டிருந்தாராம். பிறகு, "உன் மேல கேஸ் இருக்குதேப்பா" என்றாராம்.

கல்யாண மண்டபத்தில் ஒரு பகல்

அதற்கு இரண்டு மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு நாள் காலையில் ஆறு முழுக்க மீன் செத்து மிதந்தது. மடவை, கெளுத்தி, பேர் தெரியாத குஞ்சு மீனெல்லாம் வயிற்றைக் காட்டிக்கொண்டு. ஏதோ ஒரு குழாய் உடைந்ததாகச் சொன்னார்கள். எந்தக் குழாய், யாருடையது என்று யாரும் வந்து சொல்லவில்லை. ஊரே செத்த மீனைக் கூடையில் அள்ளிக்கொண்டு போய் மெயின் ரோட்டில் கொட்டிவிட்டு உட்கார்ந்தது. கன்டெய்னர் லாரிகள் கண்ணுக்கு எட்டிய தூரம் வரை நின்றன.

போலீஸ் எல்லாரையும் வேனில் ஏற்றி ஒரு கல்யாண மண்டபத்தில் கொண்டுபோய் வைத்தது. மத்தியானம் எலுமிச்சை சாதம் கொடுத்தார்கள். சாயந்திரம் பெயரை எழுதிக்கொண்டு அனுப்பிவிட்டார்கள். பெயர் கேட்டபோது பலர் வாய்க்கு வந்ததைச் சொன்னார்கள். செத்துப்போன தாத்தா பெயர், பக்கத்துக் குப்பத்துக்காரன் பெயர். அண்ணன் தன் பெயர், தகப்பன் பெயர், கதவு எண் எல்லாவற்றையும் ஒழுங்காகச் சொல்லியிருக்கிறான். ஊரில் அதை வைத்து ரொம்ப நாள் கேலி நடந்தது. அதோடு முடிந்தது என்றுதான் எல்லாரும் நினைத்தோம்.

முடியவில்லை. ரைட்டர் கெட்ட மனிதரில்லை. தன்னால் மறைத்து எழுத முடியாது, கேஸை முடித்துவிட்டு வந்தால் மறுநாளே அனுப்பிவிடுவதாகச் சொன்னார். பாஸ்போர்ட் ஆபீசிலிருந்து, வழக்கை ஏன் சொல்லவில்லை என்று கேட்டுக் கடிதம் வந்தது. அதே மாதத்தில், சரியான பெயர் சொன்னவர்களுக்கெல்லாம் கோர்ட்டிலிருந்து சம்மனும் வந்தது.

கோயில் வாசலில்

வக்கீல் இரண்டு வழி சொன்னார். கோர்ட்டில் மனு போட்டு பாஸ்போர்ட்டுக்கு அனுமதி வாங்கலாம். அதற்குப் பல மாதம் ஆகும், விசா காத்திருக்காது. இல்லையென்றால் குற்றத்தை ஒத்துக்கொண்டு அபராதம் கட்டலாம்.

ஆனால் சம்மன் வந்த அன்றே ஊர் கூடி, யாரும் ஒத்துக்கொள்வதில்லை என்று முடிவெடுத்திருந்தது. அதனால் அண்ணன் மறுபடியும் கூட்டம் கேட்டான். எல்லையம்மன் கோயில் வாசலில் கூடினார்கள். பெண்கள் நாங்கள் கொடிமரத்துக்கு இந்தப் பக்கம் நின்றோம். அண்ணன் எழுந்து, மகள் படிப்பைப் பற்றிச் சொன்னான், கொட்டகையில் வேலை இல்லாததைப் பற்றிச் சொன்னான். தான் மட்டும் ஒத்துக்கொண்டு போய்விடட்டுமா என்று கேட்டுவிட்டு உட்கார்ந்தான்.

யாரும் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் அவனுக்குச் சுலபமாக இருந்திருக்கும். ஊர்த் தலைவர் ராஜவேலு மாமா பேசினார்.

"நாங்க யாரும் உன்ன தடுக்கல நைனா. உன் பொண்ணு எங்க பொண்ணு. போய் ஒத்துக்க. ஆனா ஒண்ணு. நீ ஆமான்னு சொல்லிட்டா, தப்பு பண்ணது நாமன்னு எழுதிக்குவாங்கோ. மீனு செத்தத பத்தி அப்பால எவனும் கேக்க மாட்டான். இதையும் நெனச்சிக்க."

போகச் சொல்லித்தான் அனுப்பினார்கள். வீட்டுக்கு வந்ததும் மேகலா அண்ணி முகம் தெளிந்திருந்தாள். மறுநாளே நெத்திலி வாங்கிக் காயப்போட்டாள். மஸ்கட்டில் நல்ல கருவாடு கிடைக்காது என்று யாரோ சொல்லியிருந்தார்கள். அவர்கள் வீட்டு மொட்டைமாடி ஒரு வாரம் முழுக்கக் கருவாட்டு வாசனையாக இருந்தது.

"இல்லீங்கம்மா"

இனி அவனைக் கோர்ட்டில் நிற்க வைத்த இடத்துக்கு வருகிறேன்.

ஜட்ஜம்மா கேள்வியை இன்னொரு முறை, பொறுமையாகக் கேட்டார். சட்டவிரோதமாகக் கூடி, போக்குவரத்துக்கு இடைஞ்சல் செய்ததாக உங்கள் மேல் குற்றச்சாட்டு. ஒத்துக்கொள்கிறீர்களா?

"இல்லீங்கம்மா" என்றான் அண்ணன்.

வக்கீல் திரும்பிப் பார்த்தார்.

"ரோட்ல குந்தினது நெசம்தாங்க. ஆனா தப்புன்னு இல்லீங்க. மீனு செத்துப்போச்சு. அத கேக்கத்தான் குந்தினோம்."

சத்தமாகக்கூடச் சொல்லவில்லை. ஏதோ மன்னிப்புக் கேட்பவனைப் போலத்தான் சொன்னான். ஜட்ஜம்மா ஒரு கணம் பேனாவை எடுக்காமல் அவனைப் பார்த்தார். பிறகு எழுதினார். வாய்தா போட்டு, அடுத்த பெயரைக் கூப்பிடச் சொன்னார்.

வெளியே வந்ததும் வக்கீல் கேஸ் கட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அண்ணி கொண்டுவந்திருந்த தயிர்சாதத்தைத் திறக்கவே இல்லை. ஷேர் ஆட்டோவில் எங்கள் இருவருக்கும் நடுவே உட்கார்ந்திருந்த அண்ணன், முழங்கால்கள் மேல் கையை விரித்து வைத்துக்கொண்டு அவற்றையே பார்த்துக்கொண்டு வந்தான். எனக்கு அப்போது என்ன தோன்றியது என்று மறைக்காமல் எழுதுகிறேன். எனக்குப் பெருமையாக இருந்தது.

அன்று மாலை அண்ணி மாடியிலிருந்து கருவாட்டை எடுத்துவந்து, அதில் ஒரு கை அள்ளிக் குழம்பு வைத்தாள். வேறு எந்த வகையிலும் அவள் தன் மனதில் இருந்ததைக் காட்டவில்லை.

அதற்குப் பிறகு

அந்த வேலைக்குப் பழவேற்காட்டுப் பக்கத்துப் பையன் ஒருவன் போனான். திவ்யாவுக்கு நர்ஸிங் கல்லூரியில் கிடைத்த இடத்தை நாங்கள் விட்டுவிட்டோம். என்னால் முடிந்ததை நான் திரட்டிப் பார்த்தேன், போதவில்லை. அவள் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் போன் தயாரிக்கும் ஒரு கம்பெனியில் சேர்ந்தாள். ஹாஸ்டலிலிருந்து கம்பெனி பஸ் கூட்டிப்போய்க் கூட்டிவரும். நாளெல்லாம் நின்றபடி வேலை. முதல் வருஷம் முழுக்க ஊருக்கு வரும்போதெல்லாம் கால் வீங்கியிருக்கும். அண்ணன் வெந்நீர் வைத்துக் கொடுப்பான்.

கேஸ் நடந்தது என்று சொல்ல முடியாது. வாய்தா நடந்தது. ஒவ்வொரு வாய்தாவுக்கும் ஒரு நாள் தொழில் போகும். சாட்சி வராது, இன்னொரு தேதி கொடுப்பார்கள். எங்கள் ஊர் ஆட்கள் உழைத்துப் பழகியவர்கள், பெஞ்சில் காத்திருந்து பழகியவர்கள் அல்ல. முதலில் ஒருவர், தன் தம்பி கல்யாணத்தைக் காரணம் சொல்லி, போய் ஒத்துக்கொண்டு அபராதம் கட்டிவிட்டு வந்தார். அதற்குப் பிறகு இருவர். அப்புறம் யாரும் காரணம் சொல்வதைக்கூட விட்டுவிட்டார்கள்.

ராஜவேலு மாமா கடைசி ஆள்களில் ஒருவர். முட்டிவலியில் கோர்ட்டுப் படி ஏற முடியாமல் போன பிறகுதான் ஒத்துக்கொண்டார். அன்றைக்கு நேராக அண்ணனின் கொட்டகைக்கு வந்து, கவிழ்த்துப் போட்டிருந்த எண்ணெய் டின் மேல் உட்கார்ந்து, "நானும் ஒத்துக்கினேன்டா கஜா" என்று சொல்லிவிட்டு அழுதாராம். அண்ணன் அவருக்கு டீ வாங்கிக் கொடுத்து, வீடுவரை கைத்தாங்கலாகக் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தான். அவர் மேல் அவனுக்கு ஒரு வருத்தமும் இருந்ததாக நான் பார்க்கவில்லை.

ஆமாம் சொல்லாமல் கடைசிவரை இருந்தவன் அண்ணன் ஒருவன்தான். பிறகு ஏதோ ஒரு ஆட்சி மாறிய சமயத்தில், இந்த மாதிரியான வழக்குகளையெல்லாம் திரும்பப் பெறுவதாக அரசாங்கமே அறிவித்தது. அண்ணன் மேல் இருந்த கேஸும் போயிற்று. உடைந்த குழாய் யாருடையது என்று கடைசிவரை யாரும் சொல்லவில்லை. மறுபடி பாஸ்போர்ட்டுக்குப் போடலாம் என்று நான் சொன்னேன். இந்த வயதில் அங்கே எவன் வேலை கொடுப்பான் என்று கேட்டுவிட்டு எஞ்சினைத் துடைக்க ஆரம்பித்தான்.

அவன் கதையை நான் பள்ளிக்கூடத்தில் வருஷா வருஷம் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சொல்லிவந்தேன். பெயர் சொல்ல மாட்டேன், ஒரு மெக்கானிக் என்று மட்டும் சொல்வேன். ஒரு வார்த்தை பொய் சொல்லியிருந்தால் வெளிநாடு போயிருக்கலாம், சொல்லவில்லை என்று முடிப்பேன். பிள்ளைகள் கை தட்டுவார்கள்.

போன வருஷம் திவ்யா பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பித்தாள். நன்றாக வேலை செய்பவர்களைக் கம்பெனி வெளியூர்ப் பயிற்சிக்கு அனுப்பலாம் என்று பேச்சு. விசாரணைக்கு ஒரு இளவயதுக் கான்ஸ்டபிள் கையில் டேப்லெட்டோடு வந்தார். அண்ணன் நாற்காலியைத் துடைத்துப் போட்டான். அவர் உட்காரவில்லை. திவ்யாவை வாசலில் நிறுத்திப் போட்டோ எடுத்தார், இரண்டு கேள்வி கேட்டார், எல்லாம் முடிந்தது என்று சொல்லிவிட்டு பைக்கை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அவருக்காகப் போட்ட டீயை நான் குடித்தேன்.

அண்ணன் அந்த நாற்காலியில் தானே உட்கார்ந்தான்.

"டீச்சரு, என் கதைய இன்னும் ஸ்கூல்ல சொல்லிகினு கீறியா?"

சொல்கிறேன் என்றேன்.

"சொல்லாத."

ஏன் என்று கேட்டேன்.

"அன்னிக்கு அப்படி சொன்னா அப்பால மனசுக்கு நல்லாருக்கும்னு நெனச்சேன். ஒரு நாளு கூட நல்லால்ல. இவ காலு வீங்கிப்போய் வந்து நிக்கறப்போ எந்த நாயம் எனக்கு வந்து சோறு போட்டுச்சு? இன்னொரு தபா அந்த ஜட்ஜம்மா கேட்டா, ஆமான்னு சொல்லிட்டு போய்கினே இருப்பேன்."

கதையை அதற்குப் பிறகு நான் வகுப்பில் சொல்வதில்லை.

மேகலா அண்ணி குழாயடியில் உட்கார்ந்து காரப்பொடி மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். அவள் கேட்டுக்கொண்டிருந்தது எங்களுக்குத் தெரியாது. தலையைத் திருப்பாமல், "ஆமான்னு நீ சொல்ல மாட்ட" என்றாள்.

"சொல்வேன்."

"நீ சொல்ல மாட்டய்யா. அன்னிக்கி நீ உள்ள போறப்பவே எனக்கு தெரியும்."

அண்ணன் அவள் பக்கம் திரும்பினான். "தெரிஞ்சிகினே இன்னாத்துக்கு போன்னு அனுப்பிச்ச?"

அண்ணி கையில் இருந்த மீனைச் சட்டியில் போட்டாள்.

"சொல்லிட மாட்டியான்னுதான்" என்றாள்.